மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி யானை

நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். போனில் யார் என்ன சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்பார்கள். எதிர்க்கேள்வி கேட்டால் அந்த ஆள் போனை வைத்துவிடுவாரோ என்று பயம். கடன் அட்டை விற்க அழைத்த ஒரு பெண்ணிடம் நான் அப்படி "சரிங்க" சொல்லிக்கொண்டே இருந்ததில், கடைசியில் அவளே சலித்துப்போய், "அக்கா, எனக்கு சாப்பாட்டு டைம்க்கா" என்று கெஞ்சிப் போனை வைத்தாள். (அட்டை வாங்கவில்லை. அவள் என்ன சாப்பிடப் போகிறாள் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டேன்.)

கல்யாணமாகிப் பெருந்துறைக்கு வந்த புதிது. கோயம்புத்தூரில் உக்கடம் பக்கம் எங்கள் வீடு. அத்தா, அம்மா, அண்ணன்கள், சித்தப்பா குடும்பம் என்று எந்நேரமும் யாராவது ஒருவர் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் வீடு. அங்கே தனியாக அழுவதற்குக்கூட முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். பெருந்துறையில் குளியலறையை நாள் முழுக்கத் திறந்து போட்டாலும் கேட்க ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் சாதிக்குக்குத் தொழிற்பேட்டையில் துணி ஆலை ஒன்றில் வேலை. ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அவர் வீட்டில் இருந்தால் தூங்குவார், விழித்தால் கிளம்புவார். கீழ்வீட்டில் வீட்டு உரிமையாளர் தம்பதி. தங்கமானவர்கள், ஆனால் பேச்சு கம்மி. "மோட்டார் போட்டாச்சுங்களா அம்மணி?" என்று அந்த அம்மா கீழேயிருந்து கேட்பார். "போட்டாச்சுங்க" என்பேன். அன்றைய சமூக வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இந்த நிலைமையில்தான் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் கேக் செய்ய ஆரம்பித்தேன். கோவையில் ஒரு வாரம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. முயல், கரடி, கண்ணடிக்கிற டைனோசர் எல்லாம் செய்வேன். கேக்குக்குக் கண் வைத்த நிமிடத்திலிருந்து அது என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடும். வீட்டில் இன்னொரு ஜோடிக் கண். அதற்காகவே செய்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் மதியம் போன் வந்தது.

"ஏனுங்க, கேக் போடறவங்களுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"என் பேரு குமரேசனுங்க. என்ற பையனுக்கு ஞாயித்துக்கெழம பொறந்த நாளுங்க. அவனுக்குக் குட்டி யானைன்னா உசுரு. குட்டி யானை கேக் ஒண்ணு போட்டுத் தரோணுமுங்க. கார்ட்டூன்ல வர்றாப்ல, பெரிய கண்ணு, சிரிச்ச வாயெல்லாம் வெச்சு."

"தாராளமா போட்டுத் தரலாங்க. என்ன கலர்ங்க?"

"மஞ்சளுங்க. மஞ்சத்தூளாட்ட பளிச்சுனு இருக்கோணும்."

மஞ்சள் யானையா என்று ஒரு விநாடி யோசித்தேன். கார்ட்டூன் உலகத்தில் நீல யானை உண்டு, ரோஜா நிற யானை உண்டு, மஞ்சளுக்கு மட்டும் என்ன குறைச்சல்? "சரிங்க" என்றேன்.

"பின்னாடி தேங்கா ரொப்பியிருக்கோணுமுங்க. நாமொ தேங்கா ஏவாரம், அதனால."

யானை முதுகில் தேங்காய் மூட்டை. அழகான கற்பனை. "சரிங்க."

"நெத்தியில 'கவின்'னு பேரு எழுதிப்போடுங்க. முன்னாடி கீழ எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்கோணும். அது இல்லாட்டி நம்ம பையன் ஒத்துக்க மாட்டானுங்க."

முன்னால், கீழே, தொங்குவது. தும்பிக்கை! தும்பிக்கை நுனியில் திருஷ்டி எலுமிச்சம்பழம். என்ன ரசனையான குடும்பம் என்று வியந்துபோனேன். "சரிங்க. சின்னதா போதுங்களா, பெருசா வேணுங்களா?"

அவர் கடகடவென்று சிரித்தார். "குட்டியே போதுமுங்க அம்மணி. பெருசெல்லாம் வாங்கிக் கட்டுபடியாகுங்களா நமக்கு!"

நானும் சேர்ந்து சிரித்தேன். யாரோடாவது சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. அதனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று ஆராயவில்லை. செய்து முடித்ததும் போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. பையன் போனை நோண்டிப் பாத்துப்போடுவான். நேர்ல பாத்து அசரட்டும்" என்றார்.

அசந்தான். அதில் குறையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யானைக்கு உடம்பு வந்தது. சர்க்கரையில் பிசைந்த மாவு ஒன்று உண்டு, ஃபாண்டன்ட் என்பார்கள். சப்பாத்தி மாதிரி தேய்த்துக் கேக்குக்குச் சட்டை போடலாம். பெருந்துறை வெயிலில் அது யானையின் வயிற்றிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கியது. மின்விசிறியைப் போட்டால் காய்ந்து வெடித்தது. நிறுத்தினால் எனக்கு வியர்த்து அதன் தலையில் சொட்டப் பார்த்தது. ஒரு கையால் விசிறிக்கொண்டு மறு கையால் காது ஒட்டினேன். ஒட்டும்போதே அதனிடம் பேசவும் ஆரம்பித்திருந்தேன். சாதிக் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது, அம்மா போன் செய்தால் பின்னணியில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்பது, எல்லாம் சொன்னேன். அவ்வளவு பெரிய காது வைத்துவிட்டு அதனிடம் பேசாமல் இருப்பது எப்படி?

மதிய ஷிப்டுக்குக் கிளம்பிய சாதிக் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"யானைக்கு மஞ்சக் காமாலையா?"

"கஸ்டமர் கேட்டாங்க."

"முதுகுல என்ன, லட்டா?"

"தேங்கா. மூணு கண்ணு வச்சிருக்கேன், தெரியலையா?"

"யானைக்கா?"

"தேங்காய்க்கு!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். பஸ் வந்துவிடும்.

சாயங்காலம் குமரேசனே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. கேக் உயரமானது, யாராவது மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். "நீங்களே வந்துருங்க அம்மணி. பையன் கேக் வெட்டுன பொறவு இருந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த ஊருக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு அதுதான். பெருநாளைக்கு எடுத்த சுடிதாரை மாட்டிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிரிக்கும்போது பல் அதிகம் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

கீழே இறங்கினால் வாசலில் ஒரு சின்னச் சரக்கு வண்டி நின்றது. மஞ்சள் வண்டி. நெற்றியில் 'கவின்' என்று எழுதியிருந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பின்பக்கம் இறக்கியது போக மிச்சத் தேங்காய்கள் உருண்டுகொண்டிருந்தன.

இவ்வளவையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? 'பிள்ளைமேல் எவ்வளவு பாசம் இருந்தால் வண்டியிலும் பேர் எழுதியிருப்பார்!' என்று நெகிழ்ந்துபோனேன். (இன்றுவரை என் அண்ணன்களால் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.) அந்த வண்டியில் ஏறி, கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். குமரேசன் "ஆமாங்க", "அப்படிங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கார்ட்டூன்களைப் பற்றி, ஃபாண்டன்டைப் பற்றி, உக்கடத்து மீன் மார்க்கெட்டைப் பற்றி. சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அந்த மனிதர் தலையில் இறங்கியது.

தென்னந்தோப்புக்கு நடுவே அவர்கள் வீடு. முன்கூடத்தில் பலூன், வண்ணக் காகிதம், பாயில் உறவுக் கூட்டம். குமரேசனின் மனைவி சுகன்யா ஓடிவந்து, "வாங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த கை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார்கள். கிரீடம் வைத்துக்கொண்டு கவின் மேசை முன்னால் தயாராக நின்றான். எனக்கு என் வீட்டுக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

குமரேசன் பெட்டியைத் திறந்தார்.

பாட்டுக்குக் கைதட்டத் தூக்கிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

"அப்பா," என்றான் கவின். "இது ஆனை."

"ஆமா கண்ணு..." குமரேசனின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"குட்டி யானை எங்கப்பா?"

நான் முன்னால் வந்தேன். முழு நம்பிக்கையோடு வந்தேன். "இதுதான் கண்ணு குட்டி யானை! பாரு, தும்பிக்கை, காது, முதுகுல தேங்கா..."

கவின் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தமிழ் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை. பிறகு கையை நீட்டி, கதவு வழியாக, வாசலில் நின்ற வண்டியைக் காட்டினான்.

"அதுதான் குட்டி யானை."

அந்தச் சரக்கு வண்டிக்கு ஊரெல்லாம் 'குட்டி யானை' என்றுதான் பேர். எனக்கும் தெரியும். கல்யாணமானதும் உக்கடத்திலிருந்து என் கட்டிலும் பீரோவும் பெருந்துறைக்கு வந்ததே ஒரு குட்டி யானையில்தான். அம்மா போனில், "குட்டி யானை கிளம்பிருச்சு நசீமா, கதவைத் தொறந்து வை" என்றபோது நான் கரும்புக்கட்டு வாங்கி வைக்கவில்லையே!

"அம்மணி," என்றார் குமரேசன் மெதுவாக. "நான் வண்டியச் சொன்னேனுங்க."

"நான் யானையச் செஞ்சுட்டேனுங்க."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது குமரேசனின் அக்கா பூங்கொடி. வாயில் முந்தானையை அடைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. அவரைத் தொட்டு அடுத்தவர், அவரைத் தொட்டு அடுத்தவர். மொத்தக் கூடமும் குலுங்கியது. கவின் மட்டும் தரையில் படுத்து, கிரீடத்தோடு, காலை உதைத்து அழ ஆரம்பித்தான்.

கூட்டமான வீட்டில் பிறந்தவள் நான். கேலி எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே சிரிக்கிறவர்களில் ஒருவராவது நடுவில் நிறுத்திவிட்டு, "போதும் விடுங்க, பாவம் அவ" என்பார்கள். இங்கே அப்படிச் சொல்ல எனக்கென்று யாரும் இல்லை. அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் நின்றபோது, என் மாடி வீட்டில் இருப்பதைவிடத் தனியாக இருந்தது.

பூங்கொடிதான் முதலில் தெளிந்தார். "அட, இதுக்கென்னத்துக்கு அழுகாச்சி? நாலு சக்கரம் வெச்சுப்போட்டா வண்டி ஆயிப்போச்சு! அம்மணி, தூக்குங்க அடுப்படிக்கு."

அடுப்படியில் அறுவை சிகிச்சை ஆரம்பமானது. நான் கத்தியோடு, பூங்கொடியும் சுகன்யாவும் ஆலோசனையோடு.

"சக்கரத்துக்குக் கிரீம் பிஸ்கட்டு இருக்குதுங்க."

"காதைச் சின்னதா நறுக்கிப்போடுங்க, சைடு கண்ணாடி ஆச்சு."

"வாலு?"

"இருக்கட்டும், சைலன்சர்னு சொல்லிக்கலாம்."

கால்களை வெட்டிவிட்டு உடம்பைப் பிஸ்கட்டின்மேல் உட்கார வைத்தேன். காதை நறுக்கினேன். மிச்சம் தும்பிக்கை. அதை வேரோடு அறுத்துக் கையில் எடுத்த அந்த நிமிடத்தில் வாசல் பக்கம் ஒரு பயங்கரமான அலறல் கேட்டது. திரும்பினால், அடுப்படி வாசல் நிறைய குழந்தைகள். முன்னால் கவின்.

"ஆனையக் கொல்றாங்கோ!"

என் ஒரு கையில் கத்தி. மறு கையில் தும்பிக்கை. அதன் நுனியில் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது. காதில்லாத, காலில்லாத அந்த யானை இன்னும் பெரிய கண்ணோடு சிரித்துக்கொண்டே இருந்தது. நான்தானே அப்படிச் சிரிக்க வைத்திருந்தேன். எல்லாக் குழந்தைகளும் ஒரே குரலில் அழுதன. யானை வந்ததற்காக ஒரு முறை அழுத கவின், யானை போனதற்காக இப்போது இரண்டு மடங்கு அழுதான். "அதுக்கு வலிக்கும்! ஒட்டுங்கோ! ஒட்டுங்கோ!"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. காலையெல்லாம் என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த யானை அது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து, பெருநாள் சுடிதாரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். கஸ்டமர் வீட்டு அடுப்படியில். கஸ்டமரின் மகனோடு போட்டி போட்டுக்கொண்டு.

சிரிப்பு நின்றது. சுகன்யா என் கையிலிருந்து தும்பிக்கையை மெதுவாக வாங்கி மேடையில் வைத்தாள். பூங்கொடி, "அட என்ன கண்ணு, கேக்குக்குப் போயி" என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் புடவையில் தேங்காய் எண்ணெய் வாசனை. "ஊட்டுல ஆரு இருக்காங்க உங்களுக்கு?" என்று கேட்டார். "அவரு ஷிப்டுக்குப் போயிட்டாருங்க" என்றேன். "கொழந்தைங்க?" என்றார். "இல்லைங்க." அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கடைசியில் தும்பிக்கையைக் கிரீம் வைத்து ஒட்டினேன். கொஞ்சம் கோணலாக, இடதுபக்கம் திரும்புவதற்குக் கை காட்டுவது மாதிரி நின்றது. நாலு பிஸ்கட் சக்கரத்தில், சைடு கண்ணாடிகளோடு, தேங்காய் ஏற்றிய மஞ்சள் யானை ஒன்று மேசைக்குத் திரும்பியது. அது யானையும் இல்லை, வண்டியும் இல்லை. கவின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "இது எங்க வண்டி இல்ல" என்று தீர்ப்புச் சொன்னான். ஆனாலும் வெட்டினான். பின்பக்கமாக மட்டும் வெட்டினான். முகத்தை யாரும் தொடக்கூடாது என்று தடை போட்டுவிட்டான். சக்கரத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். எனக்கு இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, பிறகு எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி தலையை வெளியே நீட்டினார்.

"அம்மணி, தும்பிக்கை நல்லா வந்திருந்துச்சுங்க."

மாடியேறி, செருப்பைக் கழற்றியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அண்ணன்கள் வந்தார்கள், சித்தப்பா வந்தார், அத்தா டி.வி.யை நிறுத்திவிட்டு வந்தார். "நெத்தியில பேரைப் பார்த்தும் உனக்குத் தெரியலையா?" என்று பெரிய அண்ணன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவில் அம்மா, "போதும் விடுங்க, பாவம் அவ" என்றார். அதற்குள் யாரோ சோறு ஆறுகிறது என்று கூப்பிட, போன் நின்றது. சமையலறையில் மஞ்சள் மாவு ஒட்டிய பாத்திரங்கள் என்னைப் பார்த்தன. கழுவினேன்.

மறுநாள் சுகன்யாவிடமிருந்து அழைப்பு. பயந்துகொண்டே எடுத்தேன்.

"நேத்து கேக்..." என்று நானே ஆரம்பித்தேன்.

"கேக்கெல்லாம் இல்லீங்கக்கா. சும்மாதான் கூப்புட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதானுங்க. சாப்புட்டீங்களா?"

அந்த ஊரில் யாரும் என்னைச் சும்மா கூப்பிட்டதில்லை. "சரிங்க" என்றேன்.

தும்பிக்கையைக் கவின் தன் அப்பாவின் வண்டிக்குள், முன்கண்ணாடி ஓரமாக வைத்திருக்கிறானாம். அது எறும்பு மொய்த்து, வண்டியே எறும்புப் புற்றாகி, குமரேசன் தேங்காய் இறக்கப் போன இடத்திலெல்லாம் சொறிந்துகொண்டு நின்ற கதை தனி.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் பெருந்துறையில்தான், அதே மாடியில்தான் இருக்கிறோம், இரண்டு பேராக. சுகன்யா இப்போதும் அவ்வப்போது கூப்பிடுகிறாள். கேக் ஆர்டர் வந்தால், யார் என்ன கேட்டாலும், "நாலு காலா, நாலு டயரா?" என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். மயில் கேட்டவர்கூடத் திகைத்துப்போனார்.

உக்கடத்து வீட்டில் இந்தக் கதைக்கு வயதாகவே இல்லை. ஒவ்வொருவரும் தாங்களே அந்த அடுப்படியில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறார்கள். சின்ன அண்ணனின் மகள் என்னை நேரில் பார்த்தது சில தடவைதான். ஆனாலும் விருந்தாளி யாராவது வந்துவிட்டால் வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, போனை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, "மாமி, குட்டி யானை எப்படி வரும்?" என்று கேட்கிறாள். திரை நிறைய முகங்கள். அப்போது முப்பதைத் தாண்டிய ஒரு பெண், பெருந்துறையில் ஒரு மாடி வீட்டுச் சமையலறையில் தன்னந்தனியாக நின்று, கையைத் தூக்கித் தும்பிக்கையாக வைத்துக்கொண்டு பெரிதாகப் பிளிறுவாள். பிளிறி முடித்து, ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி பீப், பீப் என்பாள். அங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போனை வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் பின்னோக்கியே நடந்துகொண்டிருப்பாள், பீப், பீப் என்று, சுவர் வந்து முதுகில் முட்டும்வரை.